மேட்ரிக்ஸ் குரூப்பில் குறியாக்கத்தை ஒழுங்காக அமைப்பது எப்படி

எங்கள் குரூப்பில் 14 பேர். எல்லோரும் மேட்ரிக்ஸ் என்ற மெசேஜ் வலைக்கு மாறிய முதல் மாதம் எனக்கு வந்த போன்களில் பாதி ஒரே விஷயத்துக்காகத்தான்: "மெசேஜ் வந்திருக்குன்னு காட்டுது, உள்ள போனா திறக்க முடியலன்னு சொல்லுது." ஒவ்வொருவர் போனையும் வாங்கிப் பார்த்துச் சரிசெய்து கொடுத்தபோதுதான் ஒன்று புரிந்தது. குறியாக்கத்தை, அதாவது சாவி இல்லாதவர் படிக்கமுடியாதபடி செய்தியைப் பூட்டி அனுப்புவதை, இயக்கும் பட்டனை அழுத்துவது வேலையில் பத்தில் ஒரு பங்கு. மீதி ஒன்பது பங்கும் யார் கையில் எந்தக் கருவி இருக்கிறது, அதன் சாவி எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்வதில்தான் இருக்கிறது. புதிதாக ஒரு குரூப் தொடங்கப் போகிறவர்கள் அந்தப் பாட்டைப் படவேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். எலிமெண்ட் செயலியை வைத்தே சொல்கிறேன், மற்ற செயலிகளில் பட்டன் வேறு இடத்தில் இருக்கும், உள்ளே நடப்பது அதேதான்.

மேட்ரிக்ஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 2014-இல் தொடங்கிய ஒரு திறந்த நெறிமுறை, மின்னஞ்சல் மாதிரி. உங்கள் கணக்கு ஒரு சர்வரில், என் கணக்கு இன்னொரு சர்வரில் இருக்கலாம், இருவரும் ஒரே ரூமில் பேசலாம். பிரான்ஸ் அரசு ஊழியர்கள் பயன்படுத்தும் ட்சாப், ஜெர்மன் ராணுவத்தின் மெசஞ்சர் எல்லாம் இதன் மேல் கட்டியவைதான். ஒரே கம்பெனியின் சர்வரை நம்பி இருக்கவேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ரூமில் 5 சர்வர்களைச் சேர்ந்தவர்கள் இருந்தால், அந்த ரூமின் மொத்த உரையாடலும் 5 சர்வர்களிலும் நகலாக உட்கார்ந்திருக்கும். குறியாக்கம் இல்லையென்றால் அந்த 5 சர்வர்களை நடத்துகிறவர்கள் எல்லோருமே படிக்கலாம், அவற்றில் எந்த ஒன்றை யார் உடைத்தாலும் அவர்களும் படிக்கலாம். மையம் இல்லாத வலையில் குறியாக்கம் கூடுதல் வசதி என்று நினைத்துவிடாதீர்கள், அது இல்லாமல் தனிப்பட்ட பேச்சு என்பதே அங்கே கிடையாது.

உள்ளே என்ன நடக்கிறது

இதைத் தாண்டிப் போகத் தோன்றும், தயவுசெய்து தாண்டாதீர்கள். பின்னால் வரும் எல்லாப் படிகளுக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ரூமுக்கென்று ஒரு பூட்டு, அதற்கு ஒரு சாவி, உள்ளே வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு நகல் என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். மேட்ரிக்ஸில் அப்படி ஒரு பொதுச் சாவியே கிடையாது. செய்தி அனுப்பும் ஒவ்வொரு கருவியும், அதாவது உங்கள் போன் தனியாக, உங்கள் லேப்டாப் தனியாக, தனக்கென்று ஒரு சாவியை உருவாக்கிக்கொள்கிறது. அந்தச் சாவியை ரூமில் உள்ள மற்ற எல்லாக் கருவிகளுக்கும் ஒவ்வொன்றாக, ஒன்றுக்கொன்று தனிப் பாதையில் மூடி அனுப்புகிறது. இந்தத் தனிப் பாதைக்குப் பெயர் ஓல்ம். சாவியைக் கொடுத்து முடித்தபிறகு, குரூப்பில் போடும் செய்தியை ஒரே ஒரு தடவை மூடி வெளியே விட்டால் போதும், சாவி வைத்திருக்கும் எல்லாக் கருவியும் திறந்துகொள்ளும். இதற்குப் பெயர் மெகோல்ம். எங்கள் 14 பேருக்கும் சேர்த்து 35 கருவிகள் இருந்தன. நான் போனிலிருந்து ஒரு 'வணக்கம்' போட்டால் முதலில் 34 முறை சாவி போகும், அப்புறம் செய்தி ஒரு முறை போகும். அடுத்த செய்திக்குச் சாவி அனுப்பும் வேலை இல்லை.

அந்தச் சாவி நிரந்தரமும் இல்லை. ஒவ்வொரு செய்திக்கும் அது ஒரு படி முன்னால் உருளும், பின்னால் உருட்ட முடியாது. இயல்பான அமைப்பில் 100 செய்தியோ ஒரு வாரமோ, எது முதலில் வருகிறதோ அப்போது பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய சாவி தயாராகும். ரூமிலிருந்து யாராவது வெளியேறினாலும் மற்றவர்களின் கருவிகள் அடுத்த செய்திக்கு முன் புதுச் சாவி போட்டுவிடும், போனவருக்கு அது போகாது.

இதிலிருந்து தெரிவது என்னவென்றால், உங்கள் செய்தியை யார் படிக்கலாம் என்று முடிவு செய்வது உங்கள் போன்தான். ஆனால் ரூமில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எத்தனை கருவிகள் என்ற பட்டியலை உங்கள் போனுக்குச் சொல்வது உங்கள் சர்வர். அந்தப் பட்டியலில் ஒரு போலிக் கருவி நுழைந்துவிட்டால் உங்கள் போன் அதற்கும் மரியாதையாகச் சாவியைக் கொடுத்துவிடும். இது கற்பனைப் பயமில்லை. 2022 செப்டம்பரில் லண்டன் ராயல் ஹாலோவே, ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்களும் பிரேவ் பிரவுசர் நிறுவனத்தைச் சேர்ந்தவரும் சேர்ந்து, கெட்ட எண்ணம் கொண்ட ஒரு ஹோம்சர்வர், அதாவது கணக்கு இருக்கும் சர்வர், இப்படி ஆளையோ கருவியையோ உள்ளே நுழைக்க முடியும் என்று விரிவாகக் காட்டினார்கள். செயலிகளில் இருந்த மோசமான ஓட்டைகள் உடனே அடைக்கப்பட்டன. ஆள் பட்டியலைச் சர்வர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம் என்ற அடிப்படை மட்டும் நெறிமுறையிலேயே இருப்பது. அதற்கு மருந்து உங்கள் கையில்தான், கீழே சரிபார்ப்பு என்று வரும் பகுதி அதற்காகத்தான்.

ரூமைத் தொடங்கும்போது

முதலில் கணக்குகள். எல்லோரும் ஒரே சர்வரில் கணக்குத் தொடங்கினால் பெயருக்குத்தான் மையமில்லாத வலை, அந்த ஒரு சர்வர் படுத்தால் குரூப்பும் படுத்துவிடும். இரண்டு மூன்று சர்வர்களில் பிரிந்து இருங்கள், அது போதும். ஆளுக்கொரு சர்வர் என்று போனால் பராமரிப்பு யாராலும் முடியாது, அதோடு உங்கள் ரூமின் விவரங்கள் அத்தனை இடத்துக்கும் பரவும்.

புது ரூம் உருவாக்கும்போது பிரைவேட் ரூம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2020 மே மாதத்திலிருந்து எலிமெண்டில் புதிய தனிப்பட்ட ரூம்களுக்குக் குறியாக்கம் தானாகவே இயங்கிய நிலையில்தான் வருகிறது, ஆனாலும் அந்தச் சுவிட்சை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒருமுறை இயக்கினால் திரும்ப அணைக்க முடியாது. இது நல்லதுக்குத்தான், இல்லையென்றால் யாரோ ஒரு அட்மினை ஏமாற்றி அணைக்க வைத்துவிடலாமே. பழைய குறியாக்கமில்லாத ரூமில் இப்போது இயக்கினால், இயக்கியதற்கு முன் போட்டவை எல்லாம் திறந்தபடியேதான் கிடக்கும், அதனால் புது ரூம் தொடங்கி எல்லோரையும் அழைப்பதே சுத்தம்.

ரூமுக்குப் பெயர் வைக்கும்போது கவனம். ரூமின் பெயர், தலைப்பு வரி, ரூம் படம், உறுப்பினர் பட்டியல் இவை எதுவும் மறைக்கப்படுவதில்லை. சர்வர்களுக்கு அப்படியே தெரியும். ஒரு நோயாளிகள் உதவிக் குழுவோ தொழிற்சங்கக் குழுவோ என்றால், விஷயத்தைப் பெயரிலேயே எழுதிவிட்டு உள்ளே மட்டும் மறைத்து என்ன பயன்? 'சனிக்கிழமைக் குழு' என்கிற மாதிரி ஒன்றும் சொல்லாத பெயர் வையுங்கள். அதேபோல ஒரு செய்திக்கு நீங்கள் போடும் லைக், இதய எமோஜி போன்றவையும் குறியாக்கம் இல்லாமல்தான் போகின்றன. செய்தி என்னவென்று தெரியாவிட்டாலும் அதற்கு யார் என்ன எமோஜி போட்டார்கள் என்பது சர்வருக்குத் தெரியும். நிறைய பேருக்கு இது தெரியாது. யார், எப்போது, எத்தனை செய்தி போட்டார், எவ்வளவு பெரிய கோப்பு அனுப்பினார் என்பதும் தெரியும்தான். படத்தின் உள்ளடக்கமும் கோப்பின் பெயரும் மூடித்தான் போகின்றன, அந்தக் கவலை வேண்டாம்.

அடுத்தது ரூம் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதி. பழைய செய்திகளை யார் படிக்கலாம் என்று ஒரு கேள்வி இருக்கும். 'சேர்ந்த நேரத்திலிருந்து' என்று வையுங்கள். புதிதாக வருகிறவருக்குப் பழைய செய்திகளின் சாவி தானாகக் கிடைக்காது என்பது ஒருகாலத்தில் உறுதியாக இருந்தது, இப்போது அழைக்கிறவரின் கருவியே பழைய சாவிகளைச் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு நெறிமுறைக்குள் வந்துகொண்டிருக்கிறது. நல்ல வசதிதான், ஆனால் நீங்கள் விரும்பித் தேர்ந்தெடுத்ததாக இருக்கவேண்டும். இணைப்பு முன்னோட்டத்தையும் அணைத்தே விடுங்கள். அந்த முன்னோட்டத்தைத் தயாரிப்பது உங்கள் சர்வர். செய்தியை மூடி அனுப்பிவிட்டு, அதில் இருக்கும் லிங்கை மட்டும் எடுத்துச் சர்வரிடம் 'இதைப் பார்த்துச் சொல்' என்று கொடுத்த மாதிரி ஆகிவிடும். குறியாக்கமுள்ள ரூமில் எலிமெண்ட் இதை இயல்பாகவே அணைத்து வைத்திருக்கும், யாரும் ஆசைப்பட்டு இயக்காமல் இருந்தால் சரி.

அனுமதிகளில் இரண்டு விஷயம். ஒன்று, புதியவரை யார் அழைக்கலாம் என்பது. பல ரூம்களில் எந்த உறுப்பினரும் அழைக்கலாம் என்றே இருக்கும், அதை மாடரேட்டரின் அதிகார அளவுக்கு, அதாவது 50-க்கு உயர்த்துங்கள். சாவி யாருக்குப் போகிறது என்பதை உறுப்பினர் பட்டியல் தீர்மானிக்கிறது என்றால், அந்தப் பட்டியலைத் திறந்து வைப்பதில் அர்த்தமே இல்லை. இரண்டாவது, அட்மின்கள் குறைந்தது இருவர் இருக்கவேண்டும், அவர்கள் இரண்டு வெவ்வேறு சர்வர்களைச் சேர்ந்தவர்களாக இருக்கவேண்டும். எங்கள் முதல் ரூமில் ஒரே அட்மின். அவர் கணக்கு இருந்த சிறிய சர்வரை நடத்தியவர் ஒருநாள் நிறுத்திவிட்டார், அட்மின் கணக்கும் அதோடு போனது. ரூம் மட்டும் மற்ற சர்வர்களில் உயிரோடு இருந்தது, ஒருவரை நீக்கக்கூட யாருக்கும் அதிகாரம் இல்லை. ரூமை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வேறு ரூமுக்குக் குடிபோனோம்.

ரெக்கவரி கீ

முதல்நாளே செய்யவேண்டியது, நாளைக்கு என்று தள்ளக்கூடாதது இதுதான். சாவிகள் உங்கள் கருவியில்தான் இருக்கின்றன என்று சொன்னேன். கருவி போனால் சாவியும் போகும். அதனால் சாவிகளை எல்லாம் மூட்டையாகக் கட்டி, மூடி, சர்வரில் பேக்கப்பாக வைக்கும் வசதி உண்டு. மூட்டை சர்வரிடம், அதைத் திறக்கும் ரெக்கவரி கீ உங்களிடம். இது லாகின் பாஸ்வேர்டு இல்லை. பாஸ்வேர்டை மறந்தால் சர்வர் நடத்துகிறவர் மாற்றிக் கொடுப்பார், ரெக்கவரி கீயை மறந்தால் உலகத்தில் யாராலும் எடுத்துத் தரமுடியாது.

செட்டிங்ஸில் என்கிரிப்ஷன் பகுதிக்குப் போய் ரெக்கவரி அமைக்கும் பட்டனை அழுத்துங்கள். நான்கு நான்கு எழுத்துகளாக 12 கொத்துகள் வரும். அதைக் காகிதத்தில் எழுதுங்கள். கையால் எழுதத் தோதாகத்தான் அதை அமைத்திருக்கிறார்கள், குழப்பம் தரும் சுழியம், பெரிய ஓ, பெரிய ஐ, சிறிய எல் ஆகிய நான்கும் அதில் வராது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் மட்டும் முக்கியம், வேகமாக எழுதினால் அங்கேதான் தப்பு வரும். எழுதி முடித்ததும் ஒருமுறை ஒவ்வொரு கொத்தாகச் சரிபாருங்கள். பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருந்தால் அதிலும் போடலாம். எங்கள் தோழி ஒருவர் அந்தக் கீயை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனிலேயே வைத்திருந்தார். போன் தண்ணீரில் விழுந்தது, சாவியும் மூட்டையைத் திறக்கும் சாவியும் ஒன்றாகப் போயின. அவருடைய அம்மா மருத்துவமனையில் இருந்த இரண்டு மாதம் நாங்கள் எல்லோரும் போட்ட செய்திகள் அதில் இருந்தன. அவர் பக்கம் அவை இப்போதும் திறக்காத பூட்டுகளாகவே நிற்கின்றன. அன்றிலிருந்து புதிதாகச் சேர்கிறவர் காகிதத்தில் எழுதிவிட்டதாகச் சொல்லும்வரை அவரைப் பெரிய ரூமில் சேர்ப்பதில்லை என்று வைத்திருக்கிறோம்.

இன்னொரு பழைய சம்பவமும் இதையே சொல்லும். 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸின் பெரிய பொதுச் சர்வருக்குள்ளேயே ஆள் புகுந்துவிட்டார். பாதுகாப்புக்காக அங்கே இருந்த எல்லோரையும் லாக் அவுட் செய்தார்கள். குறியாக்கம் செய்த செய்திகள் புகுந்தவருக்குப் புரியவில்லை. ஆனால் பேக்கப் வைக்காதவர்களுக்கு, திரும்ப உள்ளே வந்தபோது, அவர்களுடைய சொந்தப் பழைய செய்திகளும் புரியவில்லை. குறியாக்கம் சரியாக வேலை செய்தால் இப்படித்தான் ஆகும், அது உரிமையாளர் யார் என்று முகம் பார்ப்பதில்லை, சாவி இருக்கிறதா என்றுதான் பார்க்கும்.

சரிபார்ப்பு

இனிமேல் வருவதைத்தான் எல்லோரும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விடுகிறார்கள். இது இரண்டு கட்டம். முதல் கட்டம், உங்கள் சொந்தக் கருவிகளை நீங்களே உறுதி செய்வது. லேப்டாப்பில் புதிதாக லாகின் செய்தால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் போன் 'இது நீங்கள்தானா' என்று கேட்கும். போனில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தோ ரெக்கவரி கீயைக் கொடுத்தோ உறுதி செய்யுங்கள். உறுதி செய்ததும் புதிய கருவி உங்கள் அடையாளத்தின் கையெழுத்தைப் பெற்றுவிடும், பேக்கப்பில் இருக்கும் பழைய சாவிகளும் அதற்கு வந்துவிடும். உறுதி செய்யாமல் விட்ட கருவி மற்றவர்கள் கண்ணுக்கு, சர்வர் நுழைத்த போலிக் கருவி எப்படித் தெரியுமோ அப்படியேதான் தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல அவர்களிடம் எந்த வழியும் இல்லை.

இரண்டாம் கட்டம், ஆளுக்கு ஆள். ரூமில் ஒருவர் பெயரைத் தட்டினால் சரிபார்க்கும் பட்டன் இருக்கும். நேரில் இருந்தால் கியூஆர் கோடு. தூரத்தில் இருந்தால் எமோஜி: இருவர் திரையிலும் 7 படங்கள் வரும், நாய், குடை, மணி என்று. இருவருக்கும் ஒரே வரிசையில் ஒரே படங்கள் வந்தால் நடுவில் யாரும் இல்லை. 64 படங்களில் இருந்து 7 என்பதால், நடுவில் ஒருவர் உட்கார்ந்து குருட்டாம்போக்கில் ஒத்துப்போக வைக்க முயன்றால் கிட்டத்தட்ட 4.4 லட்சம் கோடியில் ஒரு வாய்ப்புதான். ஆனால் இந்த 7 படங்களையும் அதே மேட்ரிக்ஸ் சாட்டில் தட்டி அனுப்பி ஒப்பிடாதீர்கள். சந்தேகம் அந்தப் பாதையின் மேல்தானே. சாதாரண போனில் கூப்பிட்டு, குரல் தெரிந்தவராக இருந்தால் நல்லது, படங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

14 பேரும் ஒருவரை ஒருவர் சரிபார்த்தால் 91 ஜோடி வரும், யாரும் செய்யமாட்டார்கள். நாங்கள் செய்தது இப்படி: அட்மின்கள் இருவரும் எல்லோரையும் சரிபார்த்தோம், மற்றவர்கள் தங்களுக்கு நெருக்கமான இரண்டு மூன்று பேரையாவது பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே வீட்டில் கூடியபோது சாப்பாட்டுக்கு முன்னால் மீதி ஜோடிகளில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஒருவரை நீங்கள் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் அவர் புதிய போன் வாங்கி அதை ஒழுங்காக உறுதி செய்யும்போது நீங்கள் மறுபடி எதுவும் செய்யவேண்டாம், அந்தக் கையெழுத்துச் சங்கிலியை 2020-இல் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது, அந்தக் காலத்தில் யாருக்கும் பொறுமை இருந்ததில்லை என்பதில் ஆச்சரியமே இல்லை.

இதெல்லாம் முடிந்தபிறகு செட்டிங்ஸில், உறுதி செய்யப்படாத கருவிகளுக்குச் செய்தி அனுப்பாதே என்ற தேர்வை இயக்குங்கள். முடிவதற்கு முன் இயக்கினால் குரூப்பில் பாதிப் பேருக்கு உங்கள் செய்தி திறக்காது, அப்புறம் எனக்கு வந்த மாதிரி போன் வர ஆரம்பிக்கும்.

யாருடைய பெயரிலாவது 'இவருடைய அடையாளம் மாறியிருக்கிறது' என்று எச்சரிக்கை வந்தால் அதை ஓகே அழுத்தி மூடிவிடாதீர்கள். பெரும்பாலும் அவர் ரெக்கவரி கீயைத் தொலைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கியிருப்பார். ஆனால் சர்வர் ஒரு போலி அடையாளத்தைக் காட்டினாலும் இதே எச்சரிக்கைதான் வரும். ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு மறுபடி எமோஜி பாருங்கள்.

செய்தி திறக்கவில்லை என்றால்

புதுக் கருவியில் பழைய செய்திகள் எதுவுமே திறக்கவில்லையா? நூற்றுக்குத் தொண்ணூறு, கருவியை உறுதி செய்யவில்லை. ரெக்கவரி கீயைக் கொடுங்கள், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒரே ஒருவரின் செய்தி மட்டும் உங்களுக்குத் திறக்கவில்லையா? அவர் சாவி அனுப்பிய நேரத்தில் உங்கள் சர்வர் படுத்திருக்கலாம், அல்லது உங்கள் கருவி புதிதாகச் சேர்ந்த விஷயம் அவர் சர்வருக்கு இன்னும் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். மையமில்லாத வலையில் இது சகஜம், எல்லாச் சர்வரும் ஒரே நொடியில் ஒரே உண்மையை அறிந்திருப்பதில்லை. முதலில் கொஞ்சம் காத்திருங்கள், சாவி தாமதமாக வந்து சேர்ந்தாலும் செய்தி தானாகத் திறந்துகொள்ளும். தொடர்ந்து அப்படியே இருந்தால், எலிமெண்டின் வெப் செயலியில் அந்த அனுப்புநர் டிஸ்கார்ட்செஷன் என்ற கட்டளையை, முன்னால் ஒரு சாய்கோடு போட்டு ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் தட்டினால், அவர் கருவி இப்போதைய சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் புதுச் சாவி செய்து எல்லோருக்கும் மறுபடி அனுப்பும். முன்னால் போன செய்திகள் இதனால் திறக்காது, அவற்றைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். எதுவானாலும் லாக் அவுட் செய்து லாகின் செய்து பார்க்கலாம் என்று மட்டும் போகாதீர்கள். உங்களிடம் இருக்கும் ஒரே கருவி அதுவாக இருந்து, பேக்கப்பும் இல்லையென்றால், ஒரு செய்திக்காக எல்லாச் செய்தியையும் இழப்பீர்கள்.

குரூப்பில் பிரிட்ஜோ, தானாக இயங்கும் பாட் நிரலோ சேர்க்கச் சொல்லி யாராவது கேட்பார்கள், டெலிகிராமில் இருப்பவர்களும் இதிலேயே பேசலாமே என்று. பிரிட்ஜ் என்பது செய்தியைத் திறந்து, மற்ற செயலிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி, அந்தப் பக்கம் அனுப்புகிற ஒரு நிரல். அது ஓடும் சர்வரில் உங்கள் செய்தி திறந்த நிலையில் இருக்கும். அந்தச் சர்வர் உங்களுடையதாக இருந்தாலே ஒழிய, முக்கியமான ரூமில் சேர்க்கவேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஊர் விசேஷம் பேசத் தனியாக ஒரு ரூம் வைத்து அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேறு வழிகள் பற்றி

மேட்ரிக்ஸ் மாதிரியே பல சர்வர்களில் ஓடும் பழைய நெறிமுறையான எக்ஸ்எம்பிபி பயன்படுத்துகிறவர்கள் ஒமெமோ என்ற முறையில் இதையே செய்யலாம். அங்கே ஒவ்வொரு செய்தியோடும் எல்லாக் கருவிகளுக்குமான சாவி சேர்ந்தே போகும், அதனால் சின்ன குரூப்புக்கு அழகாக இருக்கும், கருவி கூடக் கூடச் சுமை கூடும். குரூப் உறுப்பினர்களுக்கு மட்டுமானதாகவும், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியும்படியும் இருந்தால்தான் அது வேலை செய்யும். சர்வரே வேண்டாம் என்பவர்களுக்கு டார் என்ற அடையாளம் மறைக்கும் வலை வழியாக ஓடும் பிரையர் செயலி இருக்கிறது, அதில் தனிப்பட்ட குரூப்பைத் தொடங்கியவர் மட்டும்தான் புதியவரை அழைக்கமுடியும்.

எம்எல்எஸ் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம். குரூப் குறியாக்கத்துக்கான பொதுத் தரம், 2023 ஜூலையில் ஆர்எஃப்சி 9420 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது. சாவிகளை மரம் போல் அடுக்குவதால் 1000 பேர் குரூப்பில் ஒருவர் மாறினால் 1000 தடவை சாவி அனுப்பவேண்டாம், மரத்தில் பத்துப் படி ஏறினால் முடிந்தது. அதோடு யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதும் அந்தக் கணக்கிலேயே கட்டப்பட்டிருப்பதால், சர்வர் சத்தமில்லாமல் ஆளை நுழைக்க முடியாது. இவ்வளவு நல்லது என்றால் ஏன் மேட்ரிக்ஸ் உடனே மாறவில்லை? மரத்தில் நடக்கும் மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, எல்லோருக்கும் ஒரே வரிசையில் நடக்கவேண்டும். ஒரே நேரத்தில் நான் ஒருவரைச் சேர்த்து, நீங்கள் இன்னொருவரை நீக்கினால் எது முதலில் என்று ஒருவர் சொல்லவேண்டும். ஒரே சர்வர் இருந்தால் அது சொல்லிவிடும். இங்கே சொல்வதற்கு ஆள் இல்லை, இரண்டு சர்வர்களுக்கு நடுவே தொடர்பு அறுந்தால் மரமே இரண்டாகப் பிரிந்துவிடும். பிரிந்ததைப் பத்திரமாகத் திரும்பச் சேர்க்கும் வழியைத்தான் மேட்ரிக்ஸ்காரர்கள் வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வரும்வரை மெகோல்ம்தான்.

ஒருவரை நீக்கும்போது

குரூப்பிலிருந்து ஒருவரை நீக்கவேண்டி வரும், போன் திருடு போனாலும் கிட்டத்தட்ட இதே வேலைதான், அதனால் முறையாகச் சொல்கிறேன். நீக்கியதும் அவர் இனிமேல் வருவதைப் படிக்கமுடியாது, ஏற்கெனவே அவர் கருவிக்குப் போனவை அவரிடம்தான் இருக்கும். நீங்கள் பழைய செய்தியை அழித்தாலும், மற்ற சர்வர்களுக்கு 'இதை அழியுங்கள்' என்ற வேண்டுகோள்தான் போகும், ஒழுங்கான சர்வர் கேட்கும், கேட்காததைக் கட்டாயப்படுத்த யாராலும் முடியாது. அட்மின் நீக்கிய உடனே யாரும் எதுவும் போடாதீர்கள். ஒவ்வொருவரும் தங்கள் திரையில் 'இன்னார் நீக்கப்பட்டார்' என்ற வரி வந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். உங்கள் சர்வருக்கு அந்தத் தகவல் வந்து சேராதவரை உங்கள் போனைப் பொறுத்தவரை அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார், நீங்கள் போடும் அடுத்த செய்தியை அவராலும் திறக்கமுடியும்.

போன் திருடு போயிருந்தால், மீதி இருக்கும் கருவியிலிருந்து செட்டிங்ஸில் செஷன்ஸ் பட்டியலுக்குப் போய் அந்தப் போனை வெளியேற்றுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், குரூப்புக்குச் சொல்லிவிடுங்கள். போனில் ஸ்கிரீன் லாக் இல்லாமல் இருந்திருந்தால் அதில் இருந்த பழைய செய்திகள் அத்தனையும் வெளியே போனதாகவே எடுத்துக்கொள்ளுங்கள், சாவி முன்னால் மட்டும்தான் உருளும் என்பது இங்கே காப்பாற்றாது, ஏனென்றால் பழையதைப் படிப்பதற்காகச் செயலி பழைய சாவிகளையும் சேர்த்தே வைத்திருக்கிறது. அப்படியான நாளில் ரெக்கவரி கீயையும் மாற்றிப் புதியதைக் காகிதத்தில் எழுதிவிட்டு, பழைய காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். வீட்டில் வேறு எங்காவது அதன் நகல் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள், எங்களில் ஒருவர் புதியதைக் கொடுத்தும் திறக்கவில்லை என்று இரண்டு நாள் போராடினார், கையில் இருந்தது பழைய காகிதம்.